மெயினுக்கு முன்னாடி சிஅவுட்டா? அவ்வளவு பயம் வேண்டாம்

சி++ல ஃபங்ஷனுக்கு வெளிய வைக்கற குளோபல் ஆப்ஜெக்ட், சாதாரணமா ப்ரோக்ராம் தொடங்கற மெயின் ஃபங்ஷனுக்கு முன்னாடியே உருவாகும், அப்போ அதோட கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கற ஃபங்ஷன்) ஓடும். அதுக்குள்ள சிஅவுட் (cout, ஸ்க்ரீன்ல எழுதறது) யூஸ் பண்ணலாமாங்கறதுதான் கேள்வி. மேல ஒருத்தர் "குளோபல் ஆப்ஜெக்டோட கன்ஸ்ட்ரக்டர்ல சிஅவுட் யூஸ் பண்ணா கண்டிப்பா க்ராஷ் ஆகும், சி++ல ஆர்டருக்கு எந்த கேரண்டியும் கிடையாது"ன்னு போட்டிருக்காரு. பாதிதான் சரி. ஆர்டர் (எது முதல்ல உருவாகும்ங்கற வரிசை) தெரியாதுங்கறது வேற வேற சோர்ஸ் ஃபைல்ல இருக்கற குளோபல்களுக்கு இடையிலதான், ஒரே ஃபைலுக்குள்ள சாதாரண குளோபல்னா எழுதின வரிசையிலயே இனிஷியலைஸ் ஆகும். சிஅவுட்டுக்கு லைப்ரரியே தனியா ஏற்பாடு பண்ணி வச்சிருக்கு, ஐயோஸ்ட்ரீம் ஹெட்டரை (சிஅவுட்டை தர்ற லைப்ரரி ஃபைல்) இன்க்ளூட் பண்ணாலே அந்த ஃபைல்ல ஒரு ஸ்டாட்டிக் இனிட் ஆப்ஜெக்ட் (சிஅவுட்டை தயார் பண்றது) இருக்கற மாதிரி நடக்கணும்னு சி++11 ஸ்டாண்டர்டே சொல்லுது, அதனால இன்க்ளூடுக்கு கீழ இருக்கற உங்க குளோபல் ஓடும்போது சிஅவுட் ரெடியா இருக்கும். ப்ரோக்ராம் முடியும்போதும் அதை அழிக்க மாட்டாங்க, ஃப்ளஷ் (மிச்சம் இருக்கறதை எழுதி முடிக்கறது) மட்டும்தான்.

மாட்டறது எங்கன்னா, உங்க ஃபைல்ல ஐயோஸ்ட்ரீம் இல்லாம, குளோபல் கன்ஸ்ட்ரக்டர்லேருந்து வேற ஃபைல்ல இருக்கற லாக் ஃபங்ஷனை கூப்பிட்டு அது சிஅவுட்ல எழுதுறப்போ. லாக் ஃபங்ஷன் இருக்கற அந்த ஃபைலோட இனிட் அதுக்குள்ள ஓடியிருக்கணும்னு கட்டாயமில்ல, அதனால சிஅவுட் ரெடியா இல்லாம போகலாம். (ஜிசிசி கம்பைலரோட 13வது வெர்ஷன்லேருந்து இந்த இனிட் வேலையை பெரும்பாலான பிளாட்ஃபார்ம்ல லைப்ரரிக்குள்ளயே நகர்த்திட்டாங்க, ஆனா அதை நம்பி கோட் எழுதாதீங்க.)

அவர் சொன்ன "லிங்க் ஆர்டரை மாத்து" (கம்பைல் ஆன ஃபைல்களை சேர்க்கற வரிசையை மாத்தறது) ஐடியா சுத்த லாட்டரி. உங்க சொந்த குளோபல்னா ஃபங்ஷனுக்குள்ள ஸ்டாட்டிக்கா வைங்க, முதல் தடவை கூப்பிடும்போதுதான் உருவாகும், சி++11லேருந்து த்ரெட் சேஃபும் கூட (பல த்ரெட் ஒரே நேரத்துல கூப்பிட்டாலும் ஒரு தடவைதான் உருவாகும்).