மழையில் நின்றுபோன ஊர்வலம்

பெங்களூரில் ஏதோ ஒரு பாரில் ஜாஸ் (மெட்டை விட்டு விலகி, அந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கிற அமெரிக்க இசை) கேட்டுவிட்டு வந்த நண்பர், "நம் வேலூரில் இதெல்லாம் எங்கே?" என்று அலுத்துக்கொண்டார். டாஸ்மாக் பாரில் சாக்ஸபோனை எதிர்பார்த்தால் அலுப்புதான் மிஞ்சும். ஆனால் கொசப்பேட்டையில் ஒரு பேண்டு செட் கடை இருக்கிறது. பத்து ஆண்டுகளாக அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன். போன ஐப்பசியில் அதன் படியேறியதுகூட மழைக்கு ஒதுங்கத்தான்.

அன்று அவர்களுக்கு ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மழையில் ஊர்வலம் நின்றுபோயிற்று. சிவப்புக் கோட்டுகளை ஆணியில் மாட்டிவிட்டு ஐந்து பேர் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். டீ வரும்வரை சும்மா இருக்க முடியாமல் கிளாரினெட்காரர் ஒரு பழைய சினிமாப் பாட்டின் பல்லவியை எடுத்தார். இரண்டாம் சுற்றில் மெட்டு கையை விட்டு நழுவியது. நழுவவில்லை, அவரே விட்டார். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டிரம்பெட் வேறெங்கோ போயிற்று. இவர் நான்கு சுற்று, அவர் நான்கு சுற்று. பிறகு இரண்டிரண்டு, ஒன்றொன்று. கச்சேரியில் தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்கிற அதே குறைப்பு. ஜாஸ்காரர்களும் நான்கு நான்கு அளவாக இப்படித்தான் மாற்றி மாற்றி வாசிப்பார்கள்.

சின்ன அறை என்பதால் சைடு டிரம்மின் அடிக்கம்பியைத் தளர்த்தியிருந்தார்கள். சடசடப்பு போய், பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது போன்ற ஒலி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரச் சாவு ஊர்வலத்தில் இடுகாடு போகும்வரை டிரம்மை இப்படி அடக்கித்தான் வாசிப்பார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது முழுச் சத்தம், ஆட்டம். ஜாஸ் வளர்ந்தது அந்தத் தெரு பேண்டுகளுக்கு நடுவேதான். 1901இல் பிறந்த ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங், டிரம்பெட்டின் தம்பியான கார்னெட் பழகியதும் ஒரு சீர்திருத்தப் பள்ளியின் பேண்டில். சாவுக்கு ஆடுகிற ஊர்க்காரர்களுக்கு இதை யார் விளக்க வேண்டும்?

"ஊர்வலத்தில் ஏன் இப்படி வாசிப்பதில்லை, மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஆடுகிறவர்களுக்குக் கால் தடுக்கும் சார்" என்றார்.

சுவரில், சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் படம். மைசூர் அரண்மனை பேண்டில் கேட்டு சாக்ஸபோனில் மயங்கியவர்; 2008இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு இசைத்தட்டு வெளியிட்டவர். அவரைச் சபாவில் உட்காரவைத்துக் கேட்டோம். இவர்களை நடக்கவிட்டே கேட்கிறோம். நானும் யோக்கியன் அல்ல. தங்கை கல்யாணத்தில், வீடியோக்காரர் முகம் சுளித்தார் என்று, நல்ல இடத்தில் பேண்டை நிறுத்தச் சொன்னவன் நான்தான்.

அடுத்த முறை உங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் டிஜே பெட்டிகளை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு, இவர்களுக்கு ஐந்து நாற்காலி போடுங்கள். பேசிய கூலிக்கு மேல் கொடுங்கள். பாட்டுப் பட்டியல் மட்டும் கொடுக்காதீர்கள்.

மழை விட்டதும் கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது. ஈரக் கோட்டுகள் தோளேறின. டிரம்காரர் கம்பியை முறுக்கினார். நானும் பின்னாலேயே போனேன். அதே பாட்டுதான், தெருமுனை வரை ஒரு சுரம்கூட மெட்டை விட்டு நகரவில்லை.