அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது

நம் மாவட்டப் பள்ளிகளின் செய்திகளைத் தொகுத்து மாதா மாதம் வருகிற கல்வி மடலை, இந்த மாதம் வந்ததை, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் எந்தப் படத்தைச் சொல்கிறேன் என்றும் தெரிந்திருக்கும். நேற்று மாலையிலிருந்து நம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் போட்டது இரண்டே வரி. அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. குழுவில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி மாளாது. அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

மூன்றாம் பக்கம். மாவட்டக் கலைத் திருவிழாவில் தவில் வாசித்து முதல் பரிசு வாங்கிய எட்டாம் வகுப்புப் பிள்ளை. படத்தில் பதினோரு பேர் நிற்கிறார்கள். பத்துப் பேர் பெரியவர்கள். தவில் முழுசாகத் தெரிகிறது. பிள்ளையின் முகம் ஒருவருடைய சால்வைக்குப் பின்னால் பாதிதான் தெரிகிறது. கீழே விருந்தினர் ஏழு பேரின் பெயரும் பதவியும் ஐந்து வரிக்கு வருகின்றன. கடைசியில் "பரிசு பெற்ற மாணவியுடன்" என்று முடித்துவிட்டார்கள். பெயர் இல்லை. வகுப்பு இல்லை. ஊர் இல்லை.

நான் கேட்டது ஒன்றுதான். பிள்ளையின் பெயரைப் போடுங்கள்.

"சின்ன விஷயத்தைப் பெரிசாக்குறீங்க மேடம்" என்று முதல் பதில் வந்தது. எழுதியவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. எனக்குத் தெரியும், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தவிலைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். பலாக் கட்டையில் குடைந்தது. வலது கை விரல்களில் கூடு மாட்டி வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், அடிக்க வேண்டும், இடது கையில் குச்சி. பழகும் காலத்தில் விரல் வீங்கும், தோல் உரியும். பதிமூன்று வயதுப் பிள்ளை அதை மூன்று வருஷமாகச் செய்கிறாள். சொல்லிக்கொடுப்பது அவளுடைய தாத்தா. நாற்பது வருஷம் கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் வாசித்தவர். கல்யாணப் பத்திரிகைகளில் நாதஸ்வரக்காரர் பெயரோடு "குழுவினர்" என்று முடிந்துவிடும். அந்தக் குழுவினரில் ஒருவராகவே அவர் காலம் போய்விட்டது. பேத்தியின் பெயராவது அச்சில் வரும் என்று மடல் வந்த அன்று பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொல்லியிருக்கிறார். பையன் மேலும் கீழுமாக மூன்று தடவை தேடியிருக்கிறான்.

இது சின்ன விஷயமா? எனக்கு இல்லை.

2022-ல் கலைத் திருவிழா தொடங்கியபோது நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். பாடத்தில் முப்பது நாற்பது மார்க் எடுக்கிற பிள்ளைக்கும் மேடை கிடைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மேடை கிடைத்தது உண்மை. மேடையை விட்டு இறங்கியதும் பிள்ளை "மாணவி ஒருவர்" ஆகிவிட்டால் அந்த மேடைக்கு என்ன பொருள்?

அடுத்தது பாதுகாப்பு. "பெண் பிள்ளை பேரையெல்லாம் பொதுவில் போடலாமா, நீங்களே ஒரு தாய்தானே" என்று ஒரு சகோதரி கேட்டார். இந்தக் கவலை எனக்கும் உண்டு. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. கேளுங்கள். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள், படத்தையும் போடாதீர்கள். இங்கே படத்தைப் போட்டிருக்கிறார்கள், பெயரை மட்டும்தான் விட்டிருக்கிறார்கள். அப்புறம் அதே மடலின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீட் எழுதி மருத்துவ இடம் வாங்கிய மாணவியின் பெயர், அப்பா பெயர், மார்க், முழுப் படம் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இல்லாத பாதுகாப்புப் பிரச்சினை தவில் வாசித்த பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அந்த மருத்துவ மாணவியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். அடுத்த வருஷமே பொறியியல், சட்டம், கால்நடை மருத்துவம் என்று அது விரிந்தது. வயல் வேலைக்குப் போகிற வீட்டிலிருந்து டாக்டர் வருகிறார் என்றால் அதைப் பத்துப் பக்கத்துக்குப் போடுங்கள், நானே ஷேர் செய்வேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மற்ற பக்கங்களில் என்ன இல்லை என்பது எனக்கு உறைத்தது.

"எல்லார் பேரையும் போட இடம் வேணாமா?" என்று ஒருவர். இது பிடிஎஃப். காகிதச் செலவு இல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வான ஊரகத் திறனாய்வுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுதுவது. மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள், மொத்தம் நூறு பேர்தான். நூறு பெயருக்கு ஒரு பக்கம் போதும். கடந்த முறை மடலில் "மாணவர்கள் தேர்வு பெற்றனர்" என்று ஒரு வரி வந்தது. அதே மடலில் ஒரு திறப்பு விழாவுக்கு மூன்று பக்கம்.

மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் அந்தத் தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. மாதக் கணக்கில் ஆயிரம்தானே என்று டவுனில் இருப்பவர்கள் நினைக்கலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் அம்மாவோடு போக வேண்டிய பிள்ளை அந்த ஆயிரத்தால் பள்ளிக்குப் போகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, கரண்ட் இல்லாத ராத்திரியில் படித்து எழுதிய தேர்வு அது. அந்தப் பிள்ளைகள் நம் மடலில் ஒரு எண்ணாக வருகிறார்கள். வேறு பக்கங்களில் "பயனாளிகள்" என்று வருகிறார்கள். பயனாளி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. படித்து வாங்கிய பிள்ளை எப்படிப் பயனாளி ஆகும்?

இப்போது என்னை மிகவும் காயப்படுத்திய பதிலுக்கு வருகிறேன். "அரசுப் பள்ளியை மட்டம் தட்டி பிரைவேட்டுக்கு விளம்பரம் தேடாதீங்க."

என் மூத்தவள் எட்டு வரை இதே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தாள். பிறகு பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப் பள்ளி. இப்போது கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறாள். இளையவன் நாலாம் வகுப்பு, காலைச் சாப்பாடு பள்ளியில்தான். 2023 ஆகஸ்ட் 25-ல் அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கியது நம் டெல்டாவில், திருக்குவளையில். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்து அழுதவள் நான். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கையெழுத்து போட மட்டும் எங்களை வைத்திருக்கிறார்களா, கேள்வி கேட்கவும்தானா? என் இரண்டு பிள்ளைகளையும் நம்பி ஒப்படைத்த இடத்தை நான் மட்டம் தட்டுகிறேன் என்று, தன் பிள்ளையை டவுனுக்கு வேனில் அனுப்புகிறவர் எழுதுகிறார். அதற்குப் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். யார் யார் என்று பார்த்தேன். வலிக்கிறது.

தனியார் பள்ளிகளைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். மே மாதம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அவர்கள் பிள்ளைகளின் முகம் ஃப்ளெக்ஸில் இருக்கும். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் பெயர், மார்க். வியாபாரம்தான். ஆனால் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு அதே பஸ் ஸ்டாண்டில் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

உடனே "நீங்கதானே ரேங்க் வேணாம்னு பேசினீங்க, இப்ப பேரு வேணும்ங்கிறீங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். ரேங்க் வேண்டாம் என்றுதான் இன்றும் சொல்கிறேன். 2017-ல் பத்து, பன்னிரண்டு தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே நிறுத்தியது. அது நல்ல முடிவு. ஒருத்தியை உச்சியில் தூக்கி வைத்து மற்ற எல்லோரையும் தரையில் விடுவது ரேங்க். நூறு பேர் தேறினால் நூறு பெயரையும் அகர வரிசையில் போடுங்கள் என்பது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைப்பவருக்கு இதற்கு மேல் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்களைப் பற்றியும் கேட்டார்கள். "எமிஸ்ல ஏத்தவே நேரமில்லை, இதுல மடல் வேறயா" என்று ஒரு டீச்சர் வருத்தத்தோடு எழுதியிருந்தார். எமிஸ் என்பது பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றுகிற அரசு இணையதளம். அவர் சொல்வது முழுக்க நியாயம். வருகைப்பதிவு, பயிற்சிகள், கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் அவர்கள் தலையில்தான். டீச்சர், நான் உங்களைச் சொல்லவே இல்லை. எங்கள் பள்ளி வகுப்பாசிரியர், பிள்ளையின் பெயர், வகுப்பு, அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா சொல்லிக்கொடுத்தார் என்பது வரைக்கும் அழகாக எழுதி அனுப்பியிருக்கிறார். நான் என் கண்ணால் பார்த்தேன். மேலே போகப் போக ஒவ்வொரு வரியாகக் கழன்று, விருந்தினர் வரிகள் மட்டும் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. ஆசிரியரின் உழைப்பும் சேர்ந்துதான் வீணாகியிருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அவரிடமும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1994. நான் ஒன்பதாம் வகுப்பு. வட்டார அளவில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. அன்று சாயங்காலம் தலைமையாசிரியர் பள்ளி வாசலில் இருந்த கரும்பலகையில் தன் கையாலேயே எழுதினார். என் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர். அப்பா விவசாயக் கூலி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வேலை முடிந்து சைக்கிளில் வந்தவர் பலகை முன்னால் இறங்கி நின்றார். தன் பெயரை விரலால் தொடாமல் தொட்டுத் தொட்டுப் படித்தார். மறுநாள் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி பெய்த மழையில் பலகை சுத்தமாகக் கழுவியிருந்தது. "இங்கதான் இருந்துச்சு, இந்த எடத்துலதான்" என்று அப்பா காட்டிக்கொண்டே நின்றார். அதைத் தலைமையாசிரியர் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வந்து, அம்மா பார்க்கப் பார்க்க, மறுபடியும் எழுதினார். இந்தத் தடவை அம்மா பெயரையும் கேட்டு எழுதினார்.

அந்தப் பரிசுச் சான்றிதழ் இப்போது என்னிடம் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அன்று எங்கள் பிறந்த வீட்டுக் கூரை போனது. டிரங்குப் பெட்டி முழுக்கத் தண்ணீர். சான்றிதழ் ஊறிக் கூழாகிவிட்டது. டெல்டாவில் எத்தனை வீட்டில் இப்படிப் போயிருக்கும், யோசித்துப் பாருங்கள். புயலும் வெள்ளமும் வருகிற ஊர் இது. பிள்ளைகள் வாங்கியது வீட்டில் நிற்காது. மடல் என்று ஒன்றை மாதா மாதம் சேமித்து வைக்கிறீர்களே, அதிலாவது பெயர் நிற்கட்டும் என்கிறேன். முப்பது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை தேடினால் கிடைக்க வேண்டும்.

மடலை வெளியிடும் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "இடம் பத்தலைம்மா, அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். "சார், ஒரு வரிதான் சார்" என்றேன். "பார்க்கலாம்மா" என்றார்.

இதைப் படிக்கிற சிலர் கேட்பீர்கள், இவ்வளவு எழுதுகிறாயே, நீயே இங்கே அந்தப் பெயரைப் போட்டிருக்கலாமே என்று. போடலாம் என்றுதான் இன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். களையெடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார் அவள் அம்மா. விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

"வேணாங்க்கா. நீங்க போட்டா அது நீங்க எங்க மேல வச்ச பிரியம். அவங்க போடட்டும்."