அந்த டியூனைப் போட்டவருக்குப் பெயர் இருக்கிறது

பெயர் போட்டால் கையா வலிக்கும்? ஒரே ஒரு டியூன் யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

சின்ன வயதில் பவானியில் தியேட்டருக்குப் போனால், படம் தொடங்கும் முன் திரைச்சீலை மேலே போகும்போது ஒரு மியூசிக் போடுவார்கள். சிவப்பு பல்பும் பச்சை பல்பும் மாறி மாறி எரிய, கீழ்க்கரை ஜரிகை மின்ன, மடிப்பு மடிப்பாக ஏறும் அந்தத் துணி இன்னும் கண்ணில் நிற்கிறது. டியூனும் காதிலேயே தங்கிவிட்டது. போன தை மாதம் பெருந்துறையில் ஒரு கல்யாண வரவேற்பில் சாக்ஸபோன் வாசித்த தம்பி அதையே எடுத்தார். ஓடிப்போய்க் கேட்டேன். "பழைய இங்கிலீஷ் டியூனுங்கண்ணா, எங்க மாஸ்டர் சொல்லிக் குடுத்ததுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காதால் கேட்டு அவ்வளவு சுத்தமாக வாசிக்கிற பிள்ளை.

என் ஆத்திரமெல்லாம் பாட்டை வைத்துக் காசு பார்க்கிறவர்கள் மேல்தான். மாதாமாதம் பணம் கட்டுகிற செயலியில் அதே டியூன் 'மாலை நேரக் காபி ஜாஸ்' என்ற தொகுப்பில் கிடக்கிறது. இயற்றியவர் என்ற இடத்தில் 'பாரம்பரிய இசை'! எந்த ஊர்ப் பாரம்பரியம்? இன்னொரு தொகுப்பில் வெறும் 'டிராக் 7'.

கடைசியில் மெட்டின் அமைப்புதான் காட்டிக் கொடுத்தது. முதல் பகுதி கிட்டத்தட்ட ஒரே கார்டின் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டின்) மேல் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து இறங்கும். நடுப்பகுதி வந்ததும் சட்டென்று ஸ்விங் என்கிற ஜாஸ் துள்ளல் நடைக்குத் தாவும். அதை வைத்துப் பழைய ரெக்கார்டுகளை ராத்திரி ராத்திரியாகக் கேட்டுப் பிடித்தேன். 'கேரவன்'. அமெரிக்க ஜாஸ் மேதை ட்யூக் எல்லிங்டன் குழுவில் வால்வ் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவி வாசித்த புவேர்ட்டோ ரிக்கோக்காரர் ஹுவான் டிசோல் போட்ட மெட்டு. 1936 டிசம்பரில் அதே குழுவின் கிளாரினெட்காரர் பார்னி பிகார்ட் பெயரில் முதலில் பதிவானது. டிசோல் அதை எல்லிங்டனின் மேனேஜரும் பாட்டுப் பதிப்பாளருமான இர்விங் மில்ஸிடம் 25 டாலருக்குக் கொடுத்துவிட்டார். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு, கேட்டுத்தான் ராயல்டியில் பங்கு வாங்கினார். ஆனாலும் ஊர் உலகமெல்லாம் எல்லிங்டன் பாட்டு என்றே சொன்னது. இப்போது எல்லிங்டன் பெயரும் போய்க் காபி வந்து உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் அப்பா குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவர். எங்கோ விசைத்தறியில் ஓட்டியதைப் 'பவானி ஜமக்காளம்' என்று சந்தையில் கூவி விற்றபோது, அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

செயலிக்காரர்களுக்கு இரண்டு முறை எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. கருத்தா அது? ஒரு மனுஷனுடைய பெயருங்க!

நேற்று அந்த சாக்ஸபோன் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஹுவான்... அப்புறம் என்னங்கண்ணா? மெதுவாச் சொல்லுங்க" என்று கேட்டு, நோட்டில் அந்த டியூனுக்கு மேலே எழுதிக்கொண்டார்.