பாஸ்வேர்டு போட்டாலும் வாய் மூடாத ரூட்டர்

"வை-ஃபைக்கு பாஸ்வேர்டு போட்டாச்சு, அப்புறம் என்ன பயம்?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. பாஸ்வேர்டு இருந்தாலும் உங்கள் ரூட்டர், விநாடிக்குப் பத்து தடவை போலத் தன் பெயரையும் தனக்கே உரிய மேக் (MAC) என்ற அடையாள எண்ணையும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. தெருவில் போகிறவரின் போன் அதைக் கேட்டு, "இந்த எண் இந்த இடத்தில்" என்று கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ குறித்து அனுப்பிவிடும். ஜிபிஎஸ் எட்டாத கட்டடத்துக்குள் மேப் நம்மைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். முதல் ஐபோனில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. 2008 ஜனவரியில் ஸ்கைஹுக் நிறுவனத்தின் வை-ஃபை பட்டியலை வைத்துத்தான் அது இடம் காட்டத் தொடங்கியது.

நாங்கள் ரூட்டரோடு புறநகருக்கு வீடு மாறினோம். புது மனைப்பிரிவு, பக்கத்தில் வேறு வை-ஃபை இல்லை. வீட்டுக்குள் போனைத் திறந்தால் மேப் எங்களைப் பழைய தெருவிலேயே உட்கார வைத்திருந்தது. வை-ஃபை பெயரை மாற்றியும் பயனில்லை. மேப் பார்ப்பது ரூட்டரின் எண்ணை.

எங்களுக்கு இது வேடிக்கை. அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி, ரூட்டரையும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போன பெண்ணுக்கு? அந்த எண் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். 2024-ல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டினார்கள். ஆப்பிளின் சர்வரிடம் ஒரு ரூட்டர் எண்ணைக் கொடுத்தால் அதன் இடத்தோடு, அக்கம்பக்கத்து ரூட்டர்கள் 400 வரைக்குமான இடத்தையும் சொன்னதாம். யார் நீ என்று கேட்கக்கூட இல்லை. ஓராண்டில் 200 கோடிக்கும் மேற்பட்ட எண்களின் இடத்தைச் சேகரித்துவிட்டார்கள். உக்ரைன் போர்முனைக்கு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவிகள் வந்துபோனதும் அதில் தெரிந்தது.

சரி, இந்தப் பட்டியலிலிருந்து விலக வழியே இல்லையா? இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். 'என்னைச் சேர்க்காதே' என்பதற்கு அடையாளமாக, வை-ஃபை பெயரின் கடைசியில் அண்டர்ஸ்கோர் போட்டு ஆங்கிலத்தில் 'நோமேப்' (_nomap) என்று சேர்க்க வேண்டும். கூகுள் 2011-லிருந்தே இதை ஏற்கிறது, ஆப்பிள் 2024-ல்தான் வழிக்கு வந்தது. மைக்ரோசாஃப்டுக்கு அது போதாதாம், 'ஆப்ட்அவுட்' (_optout) என்றும் இருக்க வேண்டுமாம். மொத்தப் பெயருக்கு இடம் 32 பைட், அதாவது 32 ஆங்கில எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் 'முருகன் துணை'யே அதில் அடங்காது, இதில் இவர்கள் வால் வேறு!

காசு கொடுத்து ரூட்டர் வாங்கி, கரண்ட் பில் கட்டுவது நான். என்னைக் கேட்காமல் பட்டியலில் சேர்த்துவிட்டு, வேண்டாமென்றால் வாசலில் போர்டு மாட்டு என்பது என்ன நியாயம்? சேர விரும்புகிறவன் போர்டு மாட்டட்டும். ரூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் எண்ணைத் தானே மாற்றிக்கொள்ளும்படி செய்தாலும் தொல்லை பெருமளவு தீரும். நம் போன்கள் வை-ஃபை தேடும்போது இதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

அதுவரை, யாருக்கும் தெரியாமல் வீடு மாற வேண்டியவர்கள் பழைய ரூட்டரைத் தொடாதீர்கள். புது இடத்தில் புது கனெக்‌ஷன், புது பெட்டி.