ஸ்கல்லியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அக்கா மகளுக்குப் பதினாறு வயசு. இரண்டு மாதமாக 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரை முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். விளங்காத மர்ம வழக்குகளையும் வேற்றுக்கிரகவாசிகளையும் துரத்தும் மல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜென்ட்களின் கதை அது. போன வாரம் ஏழாவது சீசனில் பாதி தாண்டியிருந்தாள். ராத்திரி பத்தரை மணிக்குப் போன் வந்தது. "சித்தி, அந்த சிகரெட் ஆள் ஸ்கல்லியை என்ன பண்ணினான்?"

எந்தக் காட்சி என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி வரும் இடம் எனக்குத் தெரியும். 'என் அமி' என்ற எபிசோட், 2000 மார்ச் 19 அன்று ஒளிபரப்பானது. எல்லா நோய்க்கும் மருந்து தருகிறேன் என்று ஆசை காட்டி, தொடரின் பெரிய வில்லனான சிகரெட்காரன் ஸ்கல்லியைக் காரில் நெடுந்தூரம் கூட்டிக்கொண்டு போவான். வழியில் அவள் தூங்கிவிடுவாள். கண் விழிக்கும்போது தெரியாத வீடு, தெரியாத படுக்கை. உடம்பில் அவள் போட்டிருந்த உடை இருக்காது, இரவு உடை இருக்கும். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அவள் தன்னையே பார்த்துக்கொள்ளும் அந்த இரண்டு மூன்று நொடி, பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் நெஞ்சு அடைத்துவிடும். உடனே போய் அவனிடம் சண்டை போடுவாள், எனக்கு மயக்க மருந்து கொடுத்தாய் என்பாள். களைத்துப் போயிருந்தாய், படுக்க வைத்தேன் என்கிற மாதிரி அவன் ஏதோ சொல்லி மழுப்புவான். அப்புறம் கதை வேறு பக்கம் போய்விடும்.

பதினாறு வயசுப் பிள்ளைக்குப் புரிந்த விஷயம் இது. அங்கே என்னமோ தப்பு நடந்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசாமல் கடந்து போகிறார்கள் என்று அவளுக்கே உறைத்துவிட்டது. இந்தக் கேள்விக்குத் தொடர் எப்போது பதில் சொன்னது, எப்படிச் சொன்னது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பதில் வந்தது 2018 ஜனவரி 3 அன்று. பதினோராவது சீசனின் முதல் எபிசோட், 'மை ஸ்ட்ரகிள் 3'. எழுதியவரும் இயக்கியவரும் தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரே. அதில் சிகரெட்காரன், ஸ்கல்லிக்கும் மல்டருக்கும் மேலதிகாரியான ஸ்கின்னரைக் காரில் உட்கார வைத்து ஒரு உண்மையைச் சொல்கிறான். ஸ்கல்லி பெற்ற பிள்ளை வில்லியம் மல்டருடைய பிள்ளை இல்லையாம். அன்றைக்கு அந்தப் பயணத்தில் வேற்றுக்கிரக அறிவியலைக் கொண்டு அவளைக் கருத்தரிக்க வைத்தவன் தானாம். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தப் படுக்கைக் காட்சியைத் தோண்டி எடுத்து வந்து, சீசனின் பெரிய திருப்பம் இதுதான் என்று நம் முன்னால் வைக்கிறார்கள்.

ஒரு பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, அவளுக்குத் தெரியாமல், சம்மதம் இல்லாமல் அவள் வயிற்றில் கரு வைப்பதற்கு நம் மொழியில் பெயர் இருக்கிறது. 'அறிவியல்' என்று ஒரு வார்த்தையை மேலே போர்த்திவிட்டால் அது வேறு ஒன்றாகிவிடுமா? ஊசியால் செய்தால் என்ன, எதனால் செய்தால் என்ன, உடம்பு அவளுடையது.

இதைவிட எனக்கு ஆத்திரம் தருவது, அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது. செய்தவன் சொல்கிறான், ஸ்கின்னர் கேட்கிறார். அவள் உடம்பில் நடந்த அக்கிரமம், அவள் பத்து மாதம் சுமந்த பிள்ளை, அவள் பட்ட பிரசவ வேதனை, அத்தனையும் ஒரு காருக்குள் இரண்டு ஆண்களுக்கு நடுவே தகவலாகக் கை மாறுகிறது. ஸ்கல்லி அந்தக் காட்சியிலேயே இல்லை. அதிர்ச்சி நமக்கு வேண்டும், ஸ்கின்னரின் முகத்தில் வேண்டும், மல்டரிடம் மறைக்க ஒரு ரகசியம் வேண்டும். அவளுக்கு அங்கே என்ன இடம் கொடுத்தார்கள்?

அந்த எபிசோடில் ஸ்கல்லி என்ன செய்கிறாள் என்றால், ஆபீஸ் தரையில் வலிப்பு வந்து விழுகிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறாள். மருத்துவர் அவளுடைய மூளை ஸ்கேனைக் காட்ட, அதில் மின்னுகிற வெளிச்சத்தை மோர்ஸ் குறியீடாகப் படித்து 'அவனைத் தேடு' என்று ஸ்கின்னர் கண்டுபிடிக்கிறார். அவள் மூளையைக்கூட வேறொருத்தர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது! எழுந்து காரை எடுத்துக்கொண்டு போனால் விபத்து. மறுபடி படுக்கை. அங்கேயும் ஒருத்தன் வந்து தலையணையால் முகத்தை அமுக்குகிறான், மல்டர் வந்து காப்பாற்றுகிறான். எஃப்.பி.ஐ. ஏஜென்ட், மருத்துவம் படித்தவள், பிணப் பரிசோதனை மேஜைக்கு முன்னால் நின்று எத்தனையோ கொலைகளுக்குத் தடயம் எடுத்துக் கொடுத்தவள். முக்கால் மணி நேரத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை, விழுவதும் படுப்பதும்.

இரண்டு வருஷக் காத்திருப்பையும் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரி 22 அன்று பத்தாவது சீசன் முடிந்தபோது ஊரெல்லாம் நோயில் விழுந்து கிடக்கிறது, மல்டர் சாகும் நிலையில் காருக்குள் கிடக்கிறான், பாலத்தின் மேல் நிற்கும் ஸ்கல்லியின் தலைக்கு மேலே விண்கலம் வந்து நின்று வெளிச்சம் அடிக்கிறது. அத்தோடு நிறுத்திவிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் நானும் அக்காவும் அந்த வெளிச்சத்தைப் பற்றிப் பேசாத வாரம் கிடையாது. கடைசியில் அது எதுவுமே நடக்கவில்லை, வலிப்பு வந்த ஸ்கல்லியின் மனக்காட்சி, இனிமேல் நடக்கப் போவதன் முன்னோட்டம் என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். 'திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு' என்று கட்டுரையை முடித்தால் எங்கள் தமிழம்மா ஏழாம் வகுப்பிலேயே சிவப்பு மையால் அடித்துவிடுவார். இருந்தாலும் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய ஏமாற்று. நேரம்தானே போயிற்று. மற்றது அப்படி இல்லை.

ஏனென்றால் இது ஒருநாள் தவறு இல்லை. ஆரம்பத்திலிருந்தே ஸ்கல்லியின் உடம்பின் மேல்தான் இந்தத் தொடர் தன் பெரிய கதையை எழுதி வந்திருக்கிறது. 1994இல் அவள் கடத்தப்பட்டாள். அப்போது ஸ்கல்லியாக நடித்த கில்லியன் ஆண்டர்சன் நிஜமாகவே கர்ப்பமாக இருந்தார், அவருக்கு விடுப்பு வேண்டியிருந்தது, அதனால் கதையில் அவளைக் காணாமல் போக வைத்தார்கள். அது நியாயமான தேவைதான், நல்ல கதையாகவும் வந்தது. ஆனால் அந்த ஒரு கடத்தலை வைத்து அதற்கப்புறம் எத்தனை! கழுத்தில் சிப். பிறகு புற்றுநோய். 1997இல் 'மெமென்டோ மோரி' எபிசோடில், கடத்தலின்போது அவளிடமிருந்து எடுத்த கருமுட்டைகளை மல்டர் கண்டுபிடிக்கிறான். ஒரு குப்பியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறான். அவளைப் பார்க்கப் போகிறான், கட்டி அணைக்கிறான், குப்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நமக்குப் பிடித்த மல்டர்தான், பாசத்தால்தான் செய்தான், சரி. ஆனால் பாருங்கள், அங்கேயும் அவள் உடம்பின் சேதி முதலில் தெரிந்தது அவளுக்கு இல்லை.

அதே வருஷம் டிசம்பரில் எமிலி. தன் கருமுட்டையிலிருந்து தனக்குத் தெரியாமல் பிறந்த மூன்று வயசுக் குழந்தை ஒன்று இருக்கிறது என்று ஸ்கல்லிக்குத் தெரிகிறது. சில நாளிலேயே அந்தக் குழந்தையும் செத்துப்போகிறது. கடைசியில் சின்னச் சவப்பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே குழந்தை இல்லை, மணல். மணலுக்குள் கையை விட்டு, குழந்தைக்குத் தான் போட்டுவிட்ட சிலுவைச் சங்கிலியை எடுக்கிறாள். நான் முதல் தடவை கேபிளில் பார்த்தபோது அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அப்போதுதான் ஒரு கரு கலைந்திருந்தது. அந்தக் காட்சியை இத்தனை வருஷம் மதித்து வைத்திருந்தோம், ஏனென்றால் அழுவதற்கு அங்கே ஸ்கல்லிக்கு இடம் இருந்தது. அவள் கையும் அவள் முகமும்தான் அந்தக் காட்சி.

இத்தனைக்கும் அப்புறம் பிறந்தவன் வில்லியம். குழந்தையே பிறக்காது என்று ஆன பிறகு, 2000 மே மாதம் ஏழாவது சீசனின் கடைசிக் காட்சியில், நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று ஸ்கின்னரிடம் சொல்கிறாள். 2001இல் பிரசவம். பக்கத்தில் இருந்து அந்தப் பிரசவத்தைப் பார்த்தவள் இன்னொரு எஃப்.பி.ஐ. ஏஜென்ட் மோனிகா ரேயஸ். (அவளையும் பிற்பாடு சிகரெட்காரனுக்கு வேலை செய்கிறவளாக ஆக்கிவிட்டார்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் கத்த வேண்டும்.) பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று 2002இல் அவனைத் தத்துக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறாள். அவள் வாழ்க்கையில் பறிக்கப்படாமல், திணிக்கப்படாமல், அவளுக்கென்று வந்த ஒன்று அந்தப் பிள்ளைதான் என்று நம்பித்தான் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இருந்தோம். 2018இல் அதையும் பிடுங்கினார்கள். இதுவும் உனக்கு யாரோ செய்ததுதான் என்று முடித்துவிட்டார்கள். அந்த சீசனின் கடைசி எபிசோடில் அவள் வாயாலேயே வில்லியமை ஒரு பரிசோதனை என்று சொல்ல வைத்து, தான் அவனுக்குத் தாயாக இருந்ததே இல்லை என்றும் சொல்ல வைத்து, கையோடு இன்னொரு கர்ப்பத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பிள்ளை போனால் இன்னொன்று, கணக்குச் சரியாகிவிட்டது என்று எந்தத் தாய் நினைப்பாள்?

எழுதுகிற அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டியது இங்கேதான். 2017இல், பதினோராவது சீசனுக்கு அறிவித்த எழுத்தாளர்கள் எல்லோருமே ஆண்கள் என்று செய்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஆண்டர்சனே வெளிப்படையாக எழுதினார்: இதுவரை வந்த 207 எபிசோடுகளில் பெண்கள் இயக்கியவை 2. அந்த இரண்டில் ஒன்று அவரே எழுதி இயக்கிய 'ஆல் திங்ஸ்'. அவர் பேசிய பிறகுதான் அந்த சீசனில் சில பெண் எழுத்தாளர்களும் பெண் இயக்குநர்களும் வந்தார்கள். ஆனால் கதையின் முதுகெலும்பான முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் கார்ட்டர் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆரம்ப காலத்தில் கேமரா முன்னால் மல்டராக நடித்த டேவிட் டுகோவ்னிக்குச் சில அடி பின்னால்தான் நிற்க வேண்டும் என்று தன்னிடம் சொன்னதாகவும், 2016இல் தொடரை மறுபடி எடுத்தபோது முதலில் அவருக்குப் பேசியதில் பாதிச் சம்பளம்தான் தனக்குப் பேசினார்கள் என்றும் ஆண்டர்சன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். போராடித்தான் சமச் சம்பளம் வாங்கினார், 1990களிலும், 2016இலும். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தக் கார் காட்சி தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

2018இலேயே, திரையில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆராயும் ஜீனா டேவிஸ் இன்ஸ்டிடியூட் ஓர் ஆய்வு வெளியிட்டது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் இருக்கும் பெண்களில் ஸ்கல்லியை அறிந்தவர்களிடம் கேட்டதில் 63 சதவீதம் பேர் அவளைத் தங்களுக்கு முன்மாதிரி என்றார்களாம். என்னைக் கேட்டிருந்தால் நானும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பேன். ஆஸ்பத்திரி லேபில் பதினெட்டு வருஷமாக ரத்த மாதிரி பார்க்கிறேன். முதல் நாள் கையுறை மாட்டும்போது எனக்கு ஞாபகம் வந்தது அவள் கையுறை மாட்டும் விதம்தான்.

அவர்களுக்கு எழுதத் தெரியாது என்றால் விட்டுவிடலாம். தெரியும்! 1995இல் வந்த 'கிளைட் பிரக்மன்' எபிசோடைப் பாருங்கள். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்தில் குறி சொல்கிறவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறான் ஒருவன். ஒவ்வொருவரும் எப்படிச் சாவார்கள் என்று முன்கூட்டியே தெரிகிற பாவப்பட்ட இன்சூரன்ஸ் ஏஜென்ட் பிரக்மன். பேயும் போலீஸும் கலந்த கதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது. எழுதிய டாரின் மார்கனுக்கும் பிரக்மனாக நடித்த பீட்டர் பாயிலுக்கும் எம்மி விருது கிடைத்தது. அதில் ஸ்கல்லி அந்தச் சக்தியை நம்பவில்லை, ஆனால் அந்த மனிதரை மதிக்கிறாள், உட்கார்ந்து சீட்டாடுகிறாள், பேசுகிறாள். நான் எப்படிச் சாவேன் என்று கேட்கிறாள். நீ சாகமாட்டாய் என்கிறார் அவர். கடைசியில் அவர் உயிர் போன பிறகு படுக்கை ஓரமாக அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒருத்தரும் அவளுக்கு எதையும் செய்யவில்லை. அவள்தான் பார்க்கிறாள், கேட்கிறாள், முடிவு எடுக்கிறாள். அதே ஸ்கல்லிதானே?

அன்றைக்கு ராத்திரி போனில் அக்கா மகளிடம் இதையெல்லாம் கொட்டவில்லை. அது பின்னால் வரும், பதினோராவது சீசனில் சொல்வார்கள் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்போ ஸ்கல்லி அவனைப் போய்க் கேட்பாளா சித்தி?"

இல்லைடி, அவளைக் கேட்க விடமாட்டார்கள் என்றேன்.