சம்பளச் சீட்டில் வராத ஒரு விழுக்காடு

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ ஒரு தொழிற்சாலை ஓப்பரேட்டர். அடிப்படைச் சம்பளம் 2,000 வெள்ளி (ரிங்கிட்), மாதாமாதம் மாறாத அலவன்ஸ் 200. அவருக்காக முதலாளி, தொழிலாளர் பயிற்சி நிதியை நடத்தும் அரசு அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்குக் கட்டும் லெவி (பயிற்சிக் கட்டணம்) 1 விழுக்காடு, 22 வெள்ளி. ஓவர்டைம் கணக்கில் வராது. 10 மலேசியர்களாவது வேலை செய்யும் கம்பெனிக்கு இது கட்டாயம். 5 முதல் 9 பேர் என்றால் விருப்பப்பட்டால் 0.5 விழுக்காடு. தொழிலாளி சம்பளத்தில் இதைப் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். சீட்டில் வராததால் இப்படி ஒரு பணம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

அதே சம்பளத்தில் 30 பேர் என்றால் ஆண்டுக்கு 7,920 வெள்ளி. அந்தப் பணத்தில் யாரை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பவர் முதலாளி மட்டுமே. என் சண்டை இதோடுதான்.

லெவியிலிருந்து வரும் பயிற்சி மானியத்துக்கு, பயிற்சி தொடங்கும் முன்பே முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். முடித்துவிட்டு பில்லை நீட்டினால் காசு வராது. வருடம் முழுக்கத் திட்டம் போடாத கம்பெனி கடைசி நேரத்தில் லெவியைக் கரைக்க மேனேஜர்களை ஹோட்டலில் உட்கார வைத்து 'டீம் பில்டிங்' நடத்தும். (பஃபே நன்றாகத்தான் இருக்கும்.) லைனில் நிற்பவரை அனுப்பினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டும், அந்த ஆளின் சம்பளத்தை லெவி கொடுக்காது. அதனால் அவர் பெயர் பட்டியலுக்கே வராது.

பதினைந்து வருடம் மெஷின் பழுது பார்த்தவருக்கு வகுப்பைவிட முக்கியம் பிபிடி. அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கொடுக்கும், ஜேபிகே என்ற அரசுத் திறன் மேம்பாட்டுத் துறையின் வழி அது. வேலைக்குப் பொருந்தும் நோஸ் தரத்தை (ஒரு வேலைக்கு வேண்டிய திறன்களைச் சொல்லும் தேசியத் தரம்) எடுத்து, அதிலுள்ள பணிகளுக்கு ஆதாரம் சேர்க்க வேண்டும்: ஜாப் ஷீட், பராமரிப்புப் பதிவு, வேலை செய்யும் படம், முதலாளி கடிதம். இங்கேதான் இடறும். படத்தில் மெஷின் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஜாப் ஷீட்டில் சூப்பர்வைசர் பெயர் இருக்கும், கையில் கிரீஸ் பட்டவர் பெயர் இருக்காது. கடிதம் கேட்டால், "வேற கம்பெனிக்குப் போகப் போறியா?" என்பார்கள்.

சிங்கப்பூரில் 2016 முதல், 25 வயதான குடிமக்கள் ஒவ்வொருவர் பெயரிலேயே 500 டாலர் பயிற்சிக் கணக்கு உண்டு. அது அரசாங்கப் பணம், லெவி இல்லை; ஆனாலும் கணக்கு தொழிலாளி பெயரில். இங்கே லெவியில் பாதியையாவது, மேலே சொன்ன ஓப்பரேட்டருக்கு மாதம் 11 வெள்ளி, அப்படித் தொழிலாளி பெயரில் ஒதுக்கி, கம்பெனி மாறினாலும் கூடவே வரும்படி செய்யலாம்.

அதுவரை ஜாப் ஷீட்டில் உங்கள் பெயரையும் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்தோடு ஒரு நகல் வீட்டில் வையுங்கள். போனை உள்ளே விடாத தொழிற்சாலை என்றால் படத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்; வேலையை விட்ட பிறகு எந்தக் காவலாளியும் உள்ளே விட மாட்டார்.