வாடகைக்கு ஒரு கொள்ளுத்தாத்தா

டீக்கடை அண்ணன்: அக்கா, இந்தப் படத்தை 18-க்கு 24 கேன்வாஸ்ல பிரிண்ட் போட்டு, தேக்குக் கலர்ல ஃப்ரேம் அடிச்சுக் குடுங்க. எங்க கடையை ஆரம்பிச்ச கொள்ளுத்தாத்தா.

ஃப்ரேம் கடை அக்கா: கடையைப் போன தை மாசம்தானே திறந்தீங்க?

அண்ணன்: எல்லாரும் போர்டுல 'சின்ஸ்' போடுறாங்கக்கா. நமக்கும் ஒரு பாரம்பரியம் வேணாமா?

அக்கா: நீங்க வாட்ஸ்ஆப்ல அனுப்புனது 900-க்கு 1200 பிக்சல். 18 இன்ச்சுக்கு இழுத்தா இன்ச்சுக்கு 50 புள்ளிதான் வரும், மூஞ்சி கட்டம் கட்டமா உடையும். 150-ஆவது வேணும். அப்படின்னா 2700-க்கு 3600. கட்டையில மடிச்சு அடிக்க சுத்தி ஒன்றரை இன்ச் தனியா விடணும். அதை விடுங்க, இவர் சீனாக்காரர். இப்ப குவாங்சோன்னு சொல்ற கேன்டன் துறைமுகத்துல டீ வியாபாரம் பண்ண ஹௌக்வா.

அண்ணன்: டீ வியாபாரியா? அப்ப நம்ம வகையறாதான்!

அக்கா: 1834-ல அவர் சொத்து 2 கோடியே 60 லட்சம் வெள்ளி டாலர்னு கணக்கு. உங்க வகையறாவுல யாருண்ணே அது?

அண்ணன்: கழுத்துல ருத்ராட்சம் போட்டிருக்காரே.

அக்கா: அது சீன அரசாங்க அதிகாரிங்க போடுற மாலை. இந்த வியாபாரிங்க பணம் கட்டிப் பட்டம் வாங்கிப் போட்டுக்கிட்டாங்க.

அண்ணன்: எத்தனை மணி?

அக்கா: 108.

அண்ணன்: ருத்ராட்சமேதான்!

அக்கா: ஐயோ! இவர் பூர்வீகம் சீனாவுல ஃபூஜியான் மாகாணம். அப்பா 1780-கள்ல கேன்டன்ல ஆரம்பிச்ச கடை. வெள்ளைக்காரன் டீ வாங்கணும்னா அரசாங்கம் அனுமதிச்ச ஒரு டஜன் கடைங்க மூலமாத்தான் வாங்கணும். அதுல ஒருத்தன் கடன்ல மூழ்கினா மத்தவங்க சேர்ந்து கட்டணும். சீனாவோட இங்கிலாந்து போட்ட ஓபியம் போர் முடிஞ்சு 1842-ல அந்தக் கடனுக்குன்னு இங்கிலாந்து கேட்டது 30 லட்சம் டாலர். அதுல 10 லட்சம் இவர் தலையில. மறு வருஷமே போய்ச் சேர்ந்துட்டார்.

அண்ணன்: பாவம் தாத்தா.

அக்கா: தாத்தா இல்லைண்ணே!

அண்ணன்: இப்பதான் போன்ல பாத்தேன், யாரோ அமெரிக்கக்காரன் இவருக்கு 72,000 டாலர் தரணும்னு, அந்தப் பத்திரத்தையே கிழிச்சுப் போட்டாராமே? அதான் எங்க குடும்பத்துக் குணம்.

அக்கா: அப்படி ஒரு கதை சொல்வாங்க. ஆனா கிழிச்சவர் கடன் குடுத்தவர். போன பிள்ளையார் படத்துக்கு எனக்கு இன்னும் 1,850 வரணும்.

அண்ணன்: படம் வரைஞ்சது யாருக்கா?

அக்கா: பேச்சை மாத்துங்க. ஜார்ஜ் சின்னரின்னு இங்கிலீஷ்காரர் இவரை வரைஞ்சிருக்கார். கேன்டன்ல லாம்க்வாங்கிற சீன ஓவியரும் வரைஞ்சார். அங்கேயே நகல் மேல நகல் எடுத்து, அமெரிக்க வியாபாரிங்களுக்குப் பரிசாப் போச்சு. அந்தச் சின்னரி 1802-ல வந்து இறங்குனது மெட்ராஸ்ல.

அண்ணன்: பாத்தீங்களா! மெட்ராஸ்!

அக்கா: அப்புறம் கல்கத்தா. அங்க கடன் கழுத்தை நெரிக்க, 1825-ல கேன்டன் பக்கத்துல இருக்குற மக்காவ் துறைமுகத்துக்கு ஓடிட்டார். உங்களுக்கு முன்னோர் வேணும்னா அவரை மாட்டுங்க.

அண்ணன்: குத்திக் காட்டாதீங்க. கண்ணாடி போடுவீங்களா?

அக்கா: கேன்வாஸுக்கு வேணாம். பேப்பர் பிரிண்ட்னா போடலாம், நடுவுல 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு. விடலைன்னா பாய்லர் ஆவியில பேப்பர் கண்ணாடியோட ஒட்டிக்கும், பிரிச்சா மூஞ்சியே உரிஞ்சு வந்துடும்.

அண்ணன்: சரி, காரைக்குடியில நிஜமான பழைய படமே கிடைக்குதாம். அதுல ஒண்ணு வாங்கிடவா?

அக்கா: கிடைக்கும், வீட்டை இடிச்சு வித்ததெல்லாம். அதை வாங்கி ரிசார்ட் சுவத்துல மாட்டிக்கிறாங்க. அந்த வீட்டுப் பேரன் ரூம் வாடகை குடுத்துத்தான் தாத்தாவைப் பாக்கணும். உங்க சொந்தத் தாத்தா படம் இல்லையா?

அண்ணன்: பழைய ரேஷன் கார்டுல இருக்கு.

அக்கா: கொண்டாங்க, ஸ்கேன் பண்ணி 4-க்கு 6 போட்டுத் தர்றேன்.

அண்ணன்: அவர் வேணாங்க்கா. சாகுற வரைக்கும் காபிதான் குடிச்சார்.